அடுப்படியிலிருந்து சொன்ன பதில்

என் வீட்டுக்காரர் தம் நோயை நான்கு மாதம் சொல்லிக்கொண்டிருந்தார். தினமும் சாயந்தரம் ஏழு மணிக்குச் சொன்னார். தினமும் நான் பதில் சொன்னேன். ஆனால் அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூட என் காதில் விழவில்லை.

இதை நான் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. போன தவக்காலத்தில் எங்கள் மாதா கோயில் பங்குச் சாமியார், வீட்டில் அமைதியாக உட்கார்ந்து ஜெபிக்க நேரம் ஒதுக்குவது பற்றி, பெண்கள் யாராவது பூசை முடிந்ததும் நாலு வார்த்தை பேசுங்கள் என்றார். என்னையும் கேட்டார்.  "எனக்கு வராதுங்க சாமி" என்று தூணுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன். அவர் விடவில்லை. "பேச வேணாம், எழுதியாவது குடுங்கம்மா" என்றார். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான். ஜெபத்தைப் பற்றிப் பெரிதாக என்ன எழுதுவேன்? எழுத உட்கார்ந்தால் இது ஒன்றுதான் வருகிறது.

அவர் ஒரு பள்ளிக்கூடத்து ஆய்வகத்தில் உதவியாளராக இருந்தார். கண்ணாடிக் குழாய்களைக் கழுவிக் கவிழ்ப்பது, திராவகப் பாட்டில்களைத் துடைத்து அடுக்குவது, இதுதான் வேலை. உடையாமல் பார்த்துப் பார்த்தே பழகியதாலோ என்னவோ, பேச்சையும் அப்படித்தான் வைத்திருந்தார். நானும் கூச்சக்காரி. மருங்காபுரிப் பக்கத்திலிருந்து கலியாணமாகி, தென்னூரில் ஒரு சந்துக்குள் இருந்த வாடகை வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். இரண்டு ஊமைகளைச் சேர்த்து வைத்திருக்கிறோம் என்று என் மாமியார் எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பார்.

ஊமை வீட்டுக்கு வாய் திறந்தது ஜெபமாலை நேரத்தில்தான். ஜெபமாலையில் பத்துப் பத்து மணியாக ஐந்து பத்து உண்டு. ஒவ்வொரு பத்துக்கும் முன்னால் அவர் ஒரு கருத்து சொல்வார். இன்னாருக்காக, இந்தக் காரியத்துக்காக என்று சொல்லி, முடிவில் "தாயே" என்று தலையைக் குனிவார். நானும் பிள்ளைகளும் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று சொல்ல வேண்டும். பிறகு மணிக்கு ஒன்றாக வரும் மாதா மந்திரத்தின் முதல் பாதியை அவர் சொல்வார், பின்பாதியை நாங்கள் சொல்வோம். எங்கள் வீட்டு வழக்கம் அது.

என் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாததை அவர் கருத்தில் சொல்லிவிடுவார். இது எனக்குச் சீக்கிரமே பிடிபட்டுவிட்டது. ஒரு முறை அவரிடம் சொல்லாமல் துறையூரில் இருக்கும் என் அக்காளைப் பார்க்கப் போய்விட்டுப் பொழுது சாய்ந்து திரும்பினேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. ஜெபத்தில் இரண்டாம் பத்துக்கு முன்னால் கண்ணை மூடிக்கொண்டு, "சொல்லாமக் கொள்ளாம பஸ் ஏறிப் போறவங்களுக்கு வழித்துணையா இரும், தாயே" என்றார்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்றதோடு நிறுத்தாமல், "சாம்பார்ல உப்புக் கொறஞ்சதுக்கு ரெண்டு நாளா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கவங்களுக்காகவும் வேண்டிக்கொள்ளும்" என்றேன்.

என் மகள் அப்போது சின்னப் பிள்ளை. "அம்மா, அது ஜெபத்துல இல்லம்மா!" என்றாள்.

"உங்கப்பா சொன்னது மட்டும் ஜெபத்துல இருக்கா?" என்றேன். மகன் பாயில் உருண்டு சிரித்தான். அவர் கண்ணைத் திறக்காமலே அடுத்த மணியைப் பிடித்தார். உதடு மட்டும் கோணிக்கொண்டது. மறுநாள் சாம்பாரைப் பற்றி ஒன்றும் இல்லை.

இப்படியே எங்கள் சண்டையும் சமாதானமும் மாதா படத்துக்கு முன்னால் நடந்தன. அவருக்கு வேலையில் வந்த சங்கடம், பையன் பத்தாம் வகுப்பில் கணக்கில் தவறியது, என் அம்மாவின் உடம்பு, எல்லாம் அங்கேதான் எனக்குத் தெரியவந்தன. வேறு வீடுகளில் புருஷனும் பெண்சாதியும் எங்கே பேசிக்கொள்வார்கள் என்று எனக்குத் தெரியாது. நாங்கள் அங்கேதான் பேசிக்கொண்டோம்.

ஜெப நேரத்தில் நான் பாயை விட்டு அடுப்படிக்குப் போனதற்கும் ஒரு காரணம் உண்டு. எங்களுக்கு மூன்றாவதாக ஒரு பிள்ளை பிறந்து, ஒரு நாள்கூடத் தங்கவில்லை. அதைப் பற்றி அவர் என்னிடம் பேசவே இல்லை. நான் வீடு திரும்பிய வாரத்தில் ஒரு சாயந்தரம், ஐந்தாம் பத்துக்கு முன்னால், "எங்ககிட்ட வந்து பாத்துட்டுத் திரும்பிப் போன பிள்ளைக்காக, தாயே" என்றார். பிள்ளைகள் முன்னால் அழக்கூடாது என்று எழுந்து அடுப்படிக்குப் போனேன். சுவரைப் பிடித்துக்கொண்டு அங்கிருந்தே பதில் சொன்னேன். முடியும்வரை அங்கேயே நின்று சொன்னேன். மறுநாளும் அங்கேதான் நின்றேன். அதற்கு மறுநாள், சும்மா நிற்பானேன் என்று வெங்காயத்தை உரித்தேன். அப்புறம் அதுவே பழக்கமாகிவிட்டது. அழுகை நின்ற பிறகும் நான் திரும்பிப் பாய்க்கு வரவில்லை.

தென்னூர் வீட்டில் இதனால் கெடுதல் வரவில்லை. சின்ன வீடு. அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடுவில் ஒரு திரைதான். அவர் பெருமூச்சு விட்டாலும் கேட்கும்.

அவர் ஓய்வு பெற்ற பிறகு மகள் ஸ்ரீரங்கத்தில் வாங்கிப் போட்டிருந்த ஃப்ளாட்டுக்கு வந்தோம். அவளும் மருமகனும் சென்னையில். மகன் வெளிநாட்டில். அந்த மாடியில் மற்றவர்கள் எல்லாம் பெருமாள் கோயிலை ஒட்டி வாழ்கிறவர்கள். நாங்கள் ஒரு குடும்பம்தான் மாதாவைக் கும்பிடும் வேதக்காரர்கள். யாரும் முகம் சுளித்ததில்லை. ஆனாலும் எனக்கு வெளியே போய்ப் பேச நா எழாது. லிஃப்டில் யாராவது இருந்தால் படியில் இறங்கிவிடுவேன். பூசைக்கு ஞாயிற்றுக்கிழமை பாலம் தாண்டி டவுனுக்குப் போய்வருவதோடு சரி.

என்னை அந்தக் கட்டடத்தில் நாலு பேர் அறிந்ததே இட்லி மாவினால்தான். முதலில் மேல்வீட்டுப் பெண் ஒருத்தி, வேலைக்குப் போகிறவள், "ஆன்ட்டி, எனக்கும் சேத்து அரைச்சுத் தரீங்களா?" என்று கேட்டாள். கொடுத்தேன். இட்லி பஞ்சு மாதிரி வந்தது என்று மறுநாள் அவளே வந்து சொன்னாள். ஒரு பேச்சுக்குச் சொல்லவில்லை, கண்ணை விரித்துச் சொன்னாள். அப்புறம் அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு. என் அறுபது வயதுக்கு மேல்தான் ஊர் என்னைப் புகழ்ந்து கேட்டேன். அந்தப் புகழ்ச்சி எனக்குப் பிடித்திருந்தது. பொய் சொல்வானேன்.

காலையில் ஊறவைத்து மாலையில் அரைக்க வேண்டும். கிரைண்டரைப் போட்டால் உளுந்து பொங்கி வர முக்கால் மணி நேரம் ஆகும். கூடவே நின்று தண்ணீர் தெளிக்க வேண்டும், ஓரத்தில் ஒட்டுவதைத் தள்ளித் தள்ளி விட வேண்டும். ஆறரைக்குப் போட்டால்தான் எட்டரைக்குள் அரிசியும் முடியும். ஆக, ஜெப நேரத்தில் கிரைண்டர் ஓடும்.

அவர் கேட்டார். கேட்காமல் இல்லை. "கொஞ்சம் அதை நிறுத்திட்டு வந்து உக்காரேன்."

"உளுந்து பாதில நின்னா மாவு செத்துடுங்க. நீங்க சொல்லுங்க, நான் இங்கேருந்து சொல்றேன்."

"சத்தத்துல கேக்குமா?"

"இத்தனை வருஷமா சொல்றேன், எனக்குத் தெரியாதா?"

இதைத்தான் சொன்னேன். கேட்கும் என்றுகூடச் சொல்லவில்லை. எனக்குத் தெரியாதா என்றேன்.

அடுப்படி வாசலிலிருந்து பார்த்தால் முன் ஜன்னலோரம் மாதா படத்துக்கு முன்னால் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் அவர் முதுகு தெரியும். முதல் பாதியின் முடிவில் இயேசு பெயர் வரும்போது அவர் தலை குனியும். அந்தக் குனிவைப் பார்த்ததும் நான் பின்பாதியைத் தொடங்கிவிடுவேன். கருத்து சொல்லி முடித்தாலும் தலை குனிவார். அதையும் பார்த்து "வேண்டிக்கொள்ளும்" என்பேன். குரல் தேவைப்படவில்லை. கை உளுந்தைத் தள்ளும், கண் முதுகைப் பார்க்கும், வாய் அதன் பாட்டுக்குச் சொல்லும். மனசு மறுநாள் எந்த வீட்டுக்கு எத்தனை டப்பா என்பதில் இருக்கும். ஒரு நாளும் ஜெபம் தவறாத வீடு எங்கள் வீடு என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை வேறு.

அந்த வருஷம் அவர் கொஞ்சம் இளைத்தார். கேட்டால் வெயில் என்றார். சாப்பாட்டில் பாதியை ஒதுக்கினார். மாவு வேலையில் நான் சமையலைச் சரியாகக் கவனிக்கவில்லை போல என்று நினைத்துக் காரக்குழம்பு வைத்துக் கொடுத்தேன். வயிற்றில் நோயோடு இருந்த மனுஷனுக்குக் காரக்குழம்பு.

ஒரு காலையில் பால் வாங்கப் போனவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். கீழ்வீட்டுக்காரர் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தார். முகம் வெள்ளைத் துணி மாதிரி இருந்தது. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் கண் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, "உடம்புல ரத்தமே இல்லையே ஐயா. எங்கேயாவது ரத்தம் போகுதா?" என்று கேட்டார்.

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "வெளிக்குப் போறப்ப போகுதுங்க" என்றார்.

"எத்தனை நாளா?"

"நாலு மாசம் இருக்கும்."

"நாலு மாசமா! வீட்ல சொல்லலையா?"

"சொன்னேங்க" என்றார்.

டாக்டர் என்னைப் பார்த்தார். "ஏம்மா, நீங்களாவது அப்பவே கூட்டிட்டு வந்திருக்கக் கூடாதா?"

 அன்னியர் முன்னால் எனக்கு எப்போதும் வாய் வராது. இவர் ஏன் இப்படிப் பொய் சொல்கிறார், தப்பித்துக்கொள்ள என்னை மாட்டிவிடுகிறாரே என்று மனசு கொதித்தது. என்னென்னவோ பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார்கள். திரும்பி வரும்போது ஆட்டோவில் கேட்டேன்.

"எங்கிட்ட எப்பங்க சொன்னீங்க?"

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு அப்போது எனக்கு அர்த்தம் தெரியவில்லை. பிறகு வெளியே பார்த்துக்கொண்டார். ஆட்டோ காவேரிப் பாலத்தில் ஏறியது. நானும் கோபத்தில் மறுபக்கம் பார்த்துக்கொண்டு வந்தேன்.

அன்று மத்தியானம் பக்கத்து வீட்டு மாமி ஒரு செம்பில் கஞ்சி எடுத்துவந்தார். எழுபத்தைந்து வயதிருக்கும், தனியாக இருக்கிறவர். அவர் வீட்டு முன் ஜன்னலும் எங்கள் வீட்டு முன் ஜன்னலும் ஒரே நடையைப் பார்த்தவை. கஞ்சியைக் கொடுத்துவிட்டு வாசலிலேயே நின்று மெதுவாகக் கேட்டார்.

"ஏம்மா, அந்த ரத்தம் போறதே, அதுக்கு இன்னிக்குத்தான் டாக்டர்கிட்ட போனேளா?"

"உங்களுக்கு எப்படி மாமி தெரியும்?"

"எனக்கெப்படித் தெரியும்னா? நான் பெருமாளுக்கு விளக்கேத்திட்டு ஜன்னலண்ட உக்காந்துண்டிருப்பேன். ஒட்டுக்கேக்கறேன்னு நெனைச்சுக்காதேங்கோ. காதுல விழறது. தெனம் சொல்லுவாரே. 'இன்னிக்கும் ரத்தம் போச்சு தாயே, எனக்குப் பயமா இருக்கு, அவ மொகத்தைப் பாத்து எப்படிச் சொல்றதுன்னு தெரியலை'ன்னு. நீங்களும் உள்ளேந்து பதில் சொல்லுவேளே. பாவம், ரெண்டு பேரும் சேந்து பிரார்த்தனை பண்றா, வைத்தியமும் பாத்துண்டிருப்பான்னு நெனைச்சேன். நான் கேக்கறது மரியாதை இல்லைன்னு இருந்துட்டேன்."

செம்பு சூடாக இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தேன். மாமி போனதும் உள்ளே வந்தேன். அவர் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

"கருத்துல சொன்னீங்களா?" என்று கேட்டேன்.

"ம்."

"எனக்குக் கேக்கலைங்க."

 அவர் திரும்பாமலே சொன்னார். "நீதான் பதில் சொன்னியே. ஒரு நாள் ரொம்ப சத்தமாக்கூடச் சொன்ன. சரி, அவளுக்கும் தெரியும், அவளும் வேண்டிக்கிறா, வாய்விட்டுக் கேக்கத்தான் கூச்சப்படுறான்னு நெனைச்சேன். அப்புறம் நானும் மாதாகிட்டயே விட்டுட்டேன்."

அந்த நாள் எனக்கு ஞாபகம் இருக்கிறது. உளுந்தை வழித்த பிறகு நிறுத்த மறந்த கிரைண்டரில் கல் மாவில்லாமல் கடகடவென்று உருண்டது. அந்தச் சத்தத்துக்கு மேலே கேட்க வேண்டும் என்றுதான் கத்தினேன். அவர் அதை ஆறுதலாக எடுத்துக்கொண்டிருக்கிறார். நான்கு மாதம் ஒரு மனுஷன் தன் பெண்சாதிக்கு எல்லாம் தெரியும் என்று நம்பி, அவள் ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்றும் கோபப்படாமல், அவளுடைய கூச்சத்துக்கு மரியாதை கொடுத்து இருந்திருக்கிறார்.

குடலில் கட்டி என்றார்கள். அறுத்து எடுத்தார்கள். முன்னமே வந்திருந்தால் என்று ஒரு டாக்டர் ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். இவர் அதன்பின் ஏழு மாதம் இருந்தார்.

அந்த ஏழு மாதமும் நான் மாவு அரைக்கவில்லை. சாயந்தரம் ஏழு மணிக்கு, மாதா படத்துக்கு முன்னால் ஜன்னலோரம் இழுத்துப் போட்ட அவர் கட்டிலின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். முதல் சில நாள் எனக்குச் சும்மா உட்காரவே தெரியவில்லை. கை எதையாவது தேடும். போர்வையை மடிப்பேன், மாத்திரை அட்டையை அடுக்குவேன். "உக்காரேன்" என்பார். அவருக்கு உரக்கச் சொல்லத் தெம்பில்லை. ஒரு மந்திரத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே மூச்சு வாங்க நேரம் எடுத்துக்கொள்வார். அந்த இடைவெளியில் நான் ஒன்றும் சொல்லாமல் காத்திருக்க வேண்டும். அப்போதுதான், நான் ஜெபம் என்று இத்தனை வருஷம் செய்ததில் காத்திருப்பது என்பதே இருந்ததில்லை என்று உறைத்தது. அவர் தலை எப்போது குனியும் என்று பார்த்துத்தானே நின்றேன்.

ஒவ்வொரு பத்துக்கும் முன்னால் காதைத் தீட்டிக்கொண்டு இருப்பேன். தம்மைப் பற்றி ஏதாவது சொல்ல மாட்டாரா என்று. அவர் பிள்ளைகளுக்காகச் சொன்னார், பக்கத்து வீட்டு மாமியின் முழங்காலுக்காகச் சொன்னார், ஆஸ்பத்திரியில் ஊசி போட்ட பெண்ணுக்காகச் சொன்னார். தம்மைப் பற்றிச் சொல்வதை விட்டுவிட்டார். நான் கேட்க உட்கார்ந்தபோது அவர் சொல்லி முடித்திருந்தார்.

மன்னித்துக்கொள்ளுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். எனக்கு அது தினமும் நெஞ்சுக்குள் நின்றது. கஞ்சி ஊட்டும்போது சொல்லலாம் என்று நினைப்பேன். முதுகைத் துடைத்துவிடும்போது நினைப்பேன். முகத்தைப் பார்த்ததும் நா ஒட்டிக்கொள்ளும். நாற்பத்தாறு வருஷம் கூட வாழ்ந்தவரிடம் எனக்கு இந்த ஒரு வார்த்தை வரவில்லை.

ஒரு சாயந்தரம் நாலு பத்து முடிந்ததும் அவருக்கு மேல்மூச்சு வாங்கியது. "ஐஞ்சாவது நீ சொல்லு" என்றார். நான் ஒரு நாளும் முன்னால் சொன்னதில்லை. ஜெபமாலையை அவர் கையிலிருந்து வாங்கினேன். மாதா படத்தைப் பார்த்துக்கொண்டேன், அவரைப் பார்க்கவில்லை.

"காது இருந்தும் புருஷன் சொன்னதக் கேக்காமப் போனவ நான். அவரு என்னை மன்னிக்கணும். தாயே" என்றேன்.

அவர் கண் மூடியிருந்தது. வலிக்குக் கொடுத்த மருந்தில் அவர் அந்த நாட்களில் பாதி நேரம் மயக்கத்தில் இருப்பார். நான் மணியைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். பிறகு உதடு அசைந்தது. "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்றார்.

நான் மந்திரத்தைத் தொடர்ந்தேன். மாலையின் அந்தப் பத்து மணிகளும் உருண்டு முடியும்வரை பின்பாதியை அவர் சொன்னார், தடுமாறாமல் சொன்னார். முடிந்ததும் தூங்கிவிட்டார். காலையில் எழுந்ததும், நான் சொன்னது காதில் விழுந்ததா என்று நேராகவே கேட்டுவிடலாம், என்ன ஆனாலும் சரி என்று நினைத்துக்கொண்டேன். காலையில் மகள் குடும்பத்தோடு வந்து இறங்கினாள். வீடு நிறைய ஆள். மறுநாள் மகன் வந்தான். யார் முன்னால் கேட்பது? அப்புறம் அவருக்குப் பேச்சு குறைந்தது. ஒன்பதாம் நாள் போய்விட்டார்.

இரண்டு வருஷமாகிறது. வியாழக்கிழமைகளில் டவுன் கோயிலில் அமைதியாக ஜெபிப்பதற்கென்று இருக்கும் நற்கருணைச் சிற்றாலயத்தில் போய் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு மணி நேரம், சில நாள் அதற்கு மேலும். "பாட்டி எவ்வளவு அமைதியா ஜெபம் பண்றாங்க பாரு" என்று ஒரு பெண் தன் பிள்ளையிடம் சொன்னாள். அமைதி எல்லாம் இல்லை அம்மா. ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். சாமியார் எழுதச் சொன்னதற்கு, வீட்டில் உட்கார்ந்து ஜெபியுங்கள், பக்கத்தில் உட்காருங்கள், கையில் வேலையில்லாமல் உட்காருங்கள் என்பதைத் தவிர எனக்கு வேறு சொல்லத் தெரியவில்லை.

போன மாதம் மாமிக்கு முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துவிடப் போயிருந்தேன். மாமியிடம் மட்டும் இப்போது எனக்குக் கூச்சம் கொஞ்சம் விட்டிருக்கிறது. குனிந்து தேய்த்துக்கொண்டே கேட்டேன்.

"மாமி, அவரு போறதுக்கு முன்னால ஒரு நாள் நான் முன்னால ஜெபம் சொன்னேன். நான் சொன்னது உங்களுக்குக் கேட்டுதா?"

"கேட்டுது" என்றார்.

"அவரு பதில் சொன்னாரே?"

"அதுவும் கேட்டுது. தெளிவாவே சொன்னார்."

"கேட்டுத்தான் சொன்னாரா மாமி? இல்ல, வாய்ப்பழக்கமா?"

 மாமி என் கையைப் பிடித்து நிறுத்தினார். எண்ணெய்க் கையை அப்படியே தம் மடியில் வைத்துக்கொண்டார்.

"எனக்குக் குரல்தானேம்மா கேட்டுது" என்றார்.